ரிக்-டிக் 103க்கு மூணு தடவ பசை போட்ட கதை

ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு பேஸ்மெண்ட்ல தனியா உக்காந்து சிரிச்சிட்டிருந்தேன். ஒன்றரை மாசமா உயிர வாங்குன ஒரு 45, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்குற சின்ன ரெக்கார்டு, கடைசியில வழிக்கு வந்துருச்சு. எட்வின் ஸ்டாரோட "ஏஜெண்ட் டபுள்-ஓ-சோல்", ரிக்-டிக்ங்குற டெட்ராய்ட் கம்பெனியோட 103ஆம் நம்பர், 1965. அரிய ரெக்கார்டு சேக்குறவன்னு சொல்லிட்டு இதுக்கா இவ்ளோ ஆட்டம்னு கேப்பீங்க. நியாயந்தான், இது அப்ப நல்லா ஓடுன பாட்டு, தேடுனா கிடைக்கும். ஆனா அன்னைக்கு அச்சான, டெட்ராய்ட்லயே வாழ்ந்த ஒரு காப்பி, அதுவும் 3 டாலருக்கு, என் கையால தூசி தட்டி எடுத்தது. ஃப்ராங்க் வில்சன் ரெக்கார்டு இருக்கே, விரல் விட்டு எண்ணுற அளவு காப்பிதான் மிச்சம்னு 2009ல 25,742 பவுண்டுக்கும் 2020ல ஒரு லட்சம் பவுண்டுக்கும் போச்சே, அதெல்லாம் வீட்டுக்கடன் கட்டுறவன் வேடிக்கை பாக்குற சமாச்சாரம். இன்னொண்ணு, அது டெட்ராய்ட்டோட பெரிய பாட்டுக் கம்பெனி மோட்டவுன் ரெக்கார்டா இருந்தாலும் பதிவு பண்ணது லாஸ் ஏஞ்சல்ஸ்ல. நான் சேக்குறது டெட்ராய்ட்ல வாசிச்ச கைங்கள, அதனால காசே இருந்தாலும் என் பெட்டியில அதுக்கு இடம் இல்லன்னு சொல்லி மனச தேத்திக்குவேன்.

வேலைக்காக இந்தப் பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. கார் பார்ட்ஸ் கம்பெனி வேலை, புறநகர்ல வீடு, வாரக்கடைசி ஆனா எஸ்டேட் சேல், வீட்டு சாமான மொத்தமா விக்கிறது. அப்படித்தான் டெட்ராய்ட் மேற்குப் பக்கம் ஒரு வீட்டு பேஸ்மெண்ட்ல, வாட்டர் ஹீட்டருக்குப் பின்னாடி, தக்காளி அட்டைப்பெட்டியில நாப்பது நாப்பத்தஞ்சு 45 கிடைச்சுது. பெட்டியோட அடி ஈரத்துல நைஞ்சு போயி தூக்குனதும் பிஞ்சுருச்சு. உறை ஒண்ணுகூட தேறல. பாதி ரெக்கார்டு மேல சாம்பல் கலர்ல பூஞ்சை, இட்லி மாவு ரொம்ப நாள் கிடந்தா மேல படியுமே அப்படி.

வாங்குறதுக்கு முன்னாடி போன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சு ரன்-அவுட்ட பாத்தேன். பாட்டு முடியுற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவுல, குட்டியா, ஏ-ஆர்-பி மூணும் ஒட்டிக்கிட்ட மாதிரி அந்த முத்திரை. மிச்சிகன் ஒவாசோ ஊர்ல இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங், 1972ல தீப்பிடிச்சு அதோட முடிஞ்சு போன ஆலை. டெட்ராய்ட் 45 தேடுறவனுக்கு அந்த முத்திரைய பாக்குறது கோயில் கோபுரத்த தூரத்துல பாக்குற மாதிரி. போன வருஷம் ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வேற ஒரு ரெக்கார்டு வாங்கி நல்லா ஏமாந்தேன், ரன்-அவுட்ல கையால கிறுக்குன நம்பர் மட்டும் இருந்துச்சு, ஆலை முத்திரை கிடையாது, லேபிள லென்ஸ் வெச்சு பாத்தா எழுத்து ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா தெரியுது. பழைய லேபிள போட்டோ எடுத்து திருப்பி அச்சடிச்சிருக்காங்க. 85 டாலர். அந்த ஆளு பணத்த திருப்பித் தரவும் இல்ல, பதிலும் இல்ல. அதுலேர்ந்து ரன்-அவுட் போட்டோ அனுப்பாதவன்கிட்ட ஒத்த ரெக்கார்டுகூட வாங்குறதில்ல.

சரி, பசை. கழுவுற விஷயம் உங்களுக்கெல்லாம் தெரியும், அத விட்டுடுறேன். ரெண்டு தடவ கழுவியும் பூஞ்சை பள்ளத்துக்குள்ளயே இருந்துச்சு, அதனால மரப்பசை வைத்தியத்துக்கு இறங்குனேன். மஞ்சளா வர்ற "டைட்பாண்ட் II"ங்குற பசை. டியூபைத் திறந்ததும் ஸ்கூல்ல ஃபெவிகால உள்ளங்கையில தடவி காய வெச்சு தோல் மாதிரி உரிச்சு விளையாடுனதுதான் ஞாபகம் வந்துச்சு, இதுவும் அதே வித்தைதான், கை ரேகைக்குப் பதிலா ரெக்கார்டு ரேகை.

முதல் தடவ மெல்லிசா தடவிட்டேன், பசை வீணாகுதேன்னு கஞ்சத்தனம். மறுநாள் உரிச்சா துண்டு துண்டா பிய்யுது. ஒவ்வொரு துண்டையும் நகத்துல எடுக்க முடியாது, டேப்ப ஒட்டி ஒட்டி எடுத்து ஒரு முழு சாயங்காலம் போச்சு. ரெண்டாவது தடவ தோசைக்கு மாவு ஊத்துற மாதிரி நடுவுல ஊத்தி வெளிய இழுத்தேன், அது லேபிள் ஓரத்துல ஏறிடுச்சு, உரிக்கும்போது லேபிள்ல கடுகு அளவுக்கு பேப்பர் போச்சு. அந்தக் கடுகளவு இடத்த இப்பவும் பாத்தா வயிறு எரியுது.

மூணாவது தடவதான் கை படிஞ்சுது. டர்ன்டேபிள் பழசு ஒண்ணு கிடந்துச்சு, அதுல ரெக்கார்ட வெச்சு கையால மெதுவா சுத்திக்கிட்டே, பழைய ஹோட்டல் சாவி கார்டால வெளி ஓரத்துலேர்ந்து உள்ள தள்ளணும். கனம் ஒரு பத்து ரூபா காசு அளவு. லேபிளுக்கு ஒரு நூல் முன்னாடியே நிறுத்திடணும், ரன்-அவுட்ல பாட்டு இல்ல, அங்க பசை போகலைன்னா குடி முழுகாது. வெளி ஓரத்துல ஒரு துண்டு பேப்பர பசையில பாதி புதைச்சு வெச்சுட்டா அதுதான் பின்னாடி பிடிச்சு இழுக்க வால். அப்புறம் பொறுமை. மங்கல் போயி கண்ணாடி மாதிரி தெளியணும், எங்கயாவது ஒரு இடத்துல பால் கலர் தெரிஞ்சாகூட தொடக்கூடாது. ஃபேன் போட்டா மேல மட்டும் காஞ்சு உள்ள ஈரம் நிக்குது, போடாதீங்க. முழுசா ஒரு நாள். மிச்சிகன் ஜூலை புழுக்கத்துல ஒன்றரை நாள். வால பிடிச்சு மேல தூக்காம ரெக்கார்டு மேலயே படுக்க வெச்ச மாதிரி பின்னாடி மடிச்சு இழுத்தா, சர்ர்ர்னு ஒரே சத்தத்துல முழு வட்டமா வரும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா பசைத் தகட்டுல பாட்டோட கோடெல்லாம் வரிவரியா, நடுவுல சாம்பல் பூஞ்சை மாட்டிக்கிட்டு. அந்தத் தகட்ட நான் தூக்கிப் போடல, ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. "ஏங்க, இந்தப் பாம்புச் சட்டைய எப்ப வெளிய போடுவீங்க"ன்னு வீட்டுல ரெண்டு தடவ கேட்டாச்சு.

ஒரு எச்சரிக்கை, இதெல்லாம் வினைலுக்கு மட்டும். வினைலுக்குப் பதிலா ஸ்டைரீன்ங்குற கெட்டி பிளாஸ்டிக்ல செஞ்ச 45ல பசை வெக்க நான் துணிய மாட்டேன். அது வளையாது, உரிக்கிற வேகத்துல டப்புனு விரியும், லேபிளும் மேல ஒட்டுனதுதான், கையோட வந்துரும். நகத்தால ஓரத்துல தட்டிப் பாருங்க, ஸ்டைரீன் பிளாஸ்டிக் டப்பா மாதிரி கணீர்னு கேக்கும்.

இவ்ளோ பண்ணி ஊசிய வெச்சா? கரகரகர. பொரி வறுக்குற சத்தம் போயிருந்துச்சு, ஆனா அடியில மணல் அரைக்கிற மாதிரி ஒண்ணு நிக்காம ஓடுது. பாட்டு சத்தம் ஏற ஏற அதுவும் ஏறுது. அங்கதான் புரிஞ்சுது இது அழுக்கு இல்ல, தேய்மானம். ஜூக்பாக்ஸ்லயோ கனமான கையுள்ள பழைய பிளேயர்லயோ நூத்துக்கணக்குல ஓடி பள்ளத்தோட சுவரே தேஞ்சிருக்கு. அதுக்கு உலகத்துல எந்தப் பசையும் கிடையாது. ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகல.

மாத்தி யோசிக்க வெச்சது ஆபீஸ்ல ஒரு சென்சார் பிரச்சனை, ரெண்டு சிக்னல கூட்டுனா ஒண்ணு மிஞ்சும், ஒண்ணு அழியும். அட, இது இடது வலதுன்னு பிரிக்காத மோனோ ரெக்கார்டுதானே. மோனோவுல பாட்டு முழுக்க பக்கவாட்டு அசைவுல இருக்கு, மேல கீழ அசைவுல பாட்டே கிடையாது, வெறும் இரைச்சல்தான். ஊசிய தாங்குற நம்ம ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் ரெண்டையும் விசுவாசமா எடுத்துக் குடுக்குது. இடது வலது ரெண்டையும் கூட்டுனா பாட்டு நிக்கும், மேல கீழ இரைச்சல் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். என் ஆம்ப்ல மோனோ பட்டன் இல்ல, அதனால ரெண்டு ஒய் கேபிள முதுகோட முதுகு சேத்து மாட்டுனேன், 8 டாலர் செலவு. கூடவே 0.7 மில் ஊசிய எடுத்துட்டு பழைய மோனோவுக்கு வர்ற 1 மில் கோனிக்கல் ஊசி (மில்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு, கோனிக்கல்னா கூம்பு முனை). 18 மைக்ரானுக்குப் பதிலா 25, அதனால பள்ளத்துல கொஞ்சம் மேல உக்காரும், பழைய ஊசி அரைக்காத சுவர்ல ஓடும். ரெண்டும் சேந்ததும் மணல் மில்லு பக்கத்து தெருவுக்குப் போன மாதிரி ஆயிருச்சு. சுத்தமா போகல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பேஸ் கிதார் வந்துருச்சு.

அப்பதான் திருப்பிப் போட்டேன். இந்த 45ஓட பின்பக்கம் அதே பாட்டோட இன்ஸ்ட்ருமெண்டல். பாட்டுக்காரன் இல்ல, ஜேம்ஸ் பாண்ட் மோகத்துல எழுதுன வரியெல்லாம் இல்ல, டிரம்ஸ், பேஸ், டாம்பரின், எல்லாம் பச்சையா நிக்குது. இவங்க யாருன்னு லேபிள்ல ஒரு எழுத்து கிடையாது. எழுதுனவங்க பேரு இருக்கு, ஹாட்சர்னு, அது எட்வின் ஸ்டாரோட சொந்தப் பேரு. வாசிச்சவன் பேரு மட்டும் இல்ல.

வாசிச்சது ஃபங்க் பிரதர்ஸ், மோட்டவுன் பாட்டுக்கெல்லாம் பின்னணி வாசிச்ச குழு. பகல்ல மோட்டவுனுக்கு, வெஸ்ட் கிராண்ட் புலவார்ட் 2648ல அந்த வீட்டு கீழ்த்தளத்துல, சீலிங்லேர்ந்து வயர் தொங்குதுன்னு பாம்புக்குழின்னு பேரு வெச்ச ரூம்ல. அது முடிஞ்சதும் யாருக்கும் தெரியாம எட் விங்கேட்டுங்குற முதலாளியோட கோல்டன் வேர்ல்ட், ரிக்-டிக் கம்பெனிங்க பக்கம். திருட்டுத்தனமா வாசிச்சதுக்கு மோட்டவுன் அவங்களுக்கு அபராதம் போட்டதாவும், அது காதுல விழுந்த விங்கேட் மோட்டவுன் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கே வந்து ஆளாளுக்கு பணத்த கையில குடுத்துட்டுப் போனதாவும் இந்த ஊர் பழைய இசைக்காரங்க சொல்ற கதை ஒண்ணு உண்டு. கேபிடல்ஸோட "கூல் ஜெர்க்" 1966, சிகாகோவுல ஜாக்கி வில்சனோட "ஹையர் அண்ட் ஹையர்" 1967, எல்லாத்துலயும் இவங்க கைதான். மோட்டவுன் முதலாளி பெரி கோர்டி கடைசியில கோல்டன் வேர்ல்ட் ஸ்டுடியோவையே வாங்கி ஸ்டுடியோ பின்னு பேரு வெச்சுட்டார், எட்வின் ஸ்டாரும் அந்தப் பக்கம் போனார்.

அதனால நான் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். புது வெள்ளை உறை வாங்கி, அதுல பென்சிலால வாசிச்சவங்க பேர எழுதுறது. பென்சில் ஏன்னா, சரியான ஆதாரம் கிடைச்சா அழிச்சு மாத்தலாம். டிரம்ஸ் பென்னி பெஞ்சமின், 1969லயே போயிட்டார். பியானோ ஏர்ல் வான் டைக். கிதார் ராபர்ட் வைட், எடி வில்லிஸ், ஜோ மெஸ்ஸினா. டாம்பரின் ஜாக் ஆஷ்ஃபோர்ட். பேஸ் ஜேம்ஸ் ஜேமர்சன், ஒரே ஒரு ஆள்காட்டி விரல்ல அந்த வேலைய பண்ணவர், கிதார்ல கம்பிய மாத்தவே மாட்டார், அழுக்குலதான் சத்தம் இருக்குன்னு நம்புனவர். எனக்கு பூஞ்சைய எடுக்குற ஒவ்வொரு தடவையும் இது ஞாபகம் வந்து லேசா குத்தும்.

அவர் பேரு ஒரு பெரிய மோட்டவுன் ஆல்பத்துல முதல்முறையா ஒழுங்கா அச்சானது 1971ல, மார்வின் கேயோட ரெக்கார்டுல. அடுத்த வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸ் போயிருச்சு. 1983ல மோட்டவுனோட 25ஆவது வருஷ விழா பசடினாவுல நடந்தப்ப ஜேமர்சன் வெளிய பிளாக்ல டிக்கெட் வாங்கிக்கிட்டு போயி மேல பால்கனியில உக்காந்து பாத்தாராம். அதே ஆகஸ்ட்ல செத்துட்டார், 47 வயசு. உட்வர்ட் அவென்யூவுல உட்லான் கல்லறையில இருக்கார், என் டென்டிஸ்ட் போற வழிதான். அம்மாகிட்ட போன்ல இத சொன்னேன். "நம்ம ஊர்ல மட்டும் என்னடா, எம்.எஸ்.வி. பாட்டுக்கு புல்லாங்குழல் ஊதுனவரு பேரு உங்க அப்பா வெச்சிருந்த பிளேட்டுல இருந்துச்சா"ன்னாங்க. ஓடிப் போயி பாத்தேன், என்கிட்ட இருக்குற ஏழு தமிழ் 45லயும் இல்ல.

அடுத்து பைட் பைப்பர் பக்கம் இறங்கலாம்னு இருக்கேன். ஜாக் ஆஷ்ஃபோர்டும், அந்த பேரிடோன் சாக்ஸ் மைக் டெர்ரியும் சேந்து சொந்தமா நடத்துன தயாரிப்பு அது, வாடகைக்கு வாசிச்சவங்களே முதலாளி ஆகி பண்ணது. லொரெய்ன் சாண்ட்லர் ஆர்.சி.ஏ. 45 ஒண்ணு ஒரு கடையில பாத்து வெச்சிருக்கேன், விலை 60, கடைக்காரர் அம்பதுக்கு இறங்குவார்னு ஒரு நம்பிக்கை. வெள்ளை உறை மொத்தமா நூறு வாங்குனா மலிவு, ஆனா போன தடவ வந்த கட்டுல ஓரம் கூரா இருந்து ரெக்கார்ட கீறுச்சு, வேற இடம் பாக்கணும். யாராவது ஓட்டை வெட்டாத, ஆசிட் இல்லாத உறை எங்க நல்லா கிடைக்குதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி அதே பெட்டியில வந்த "கூல் ஜெர்க்" டைனிங் டேபிள்ல பசையோட உக்காந்திருக்கு, நல்லவேளை வினைல். நேத்து சாயங்காலம் போட்டது, இப்ப பாத்தேன், கடிகாரத்துல மூணு இருக்குமே அந்தப் பக்கமா இன்னும் பால் கலர் இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு டேபிள் வேணும்னு உத்தரவு வந்துருச்சு, அப்படியே தூக்கி வாஷிங் மெஷின் மேல வெக்கணும், அதுவும் துணி ஓடாத நேரமா பாத்து.