பச்சை நம்பர்

"இவரு யாருங்க?"

எங்கள் கிரிப்டோ ஆப்பில் நான் வடிவமைத்த காப்பி டிரேடிங் திரை, அதாவது இன்னொருவர் வாங்கி விற்பதை நம் கணக்கிலும் அப்படியே செய்யும் வசதி. அதைச் சோதித்துப் பார்க்க வந்த தம்பி கேட்டான். விரல் அதற்குள் '+312%' லாபத்தின் மேல் போய்விட்டது.

அது நான் சும்மா ஒட்டிவைத்த மாதிரிப் படம். ஆளே கிடையாது. எண்ணும் நான் அடித்ததுதான்.

நாலே நொடி. 'காப்பி' பட்டனை அமுக்கிவிட்டான். 'அதிகபட்சச் சரிவு 68%' இரண்டு ஸ்க்ரோல் கீழே, வெளிறிய சாம்பலில் கிடந்தது. அங்கே வைத்ததும் நான்தான்.

நிஜத்தில், யாரைக் காப்பி செய்கிறானோ அவர் விற்றால் இவன் கணக்கிலும் தானாக விற்கும். விற்ற தொகையில் 1% டிடிஎஸ், முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி. லாபத்துக்கு 30% வரி. ஒரு காயினில் விட்டதை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. 2022-லிருந்து இந்தியாவில் இதுதான் கணக்கு. எங்கள் திரை எதிலும் இது இல்லை.

சாயங்காலம் அந்த 68-ஐத் தூக்கி 312-க்குப் பக்கத்திலேயே, அதே அளவில், சிவப்பில் வைத்தேன்.

"கன்வர்ஷன் அடி வாங்குமேப்பா, பட்டனை அமுக்குறவங்க குறைஞ்சிடுவாங்க" என்றார் மேனேஜர்.

வாங்கட்டும் சார்.