ஃபிளிக்கர் எதிர் டீமுக்குப் போயிட்டாரா? முதல்ல நம்ம பெனால்டி கார்னரை மாத்தணுமுங்க

பத்து வருசம் நம்ம ஹாக்கி டீமுக்கு பெனால்டி கார்னர் (எதிரணி தன் கோல் பக்கத்தில் தப்பு செய்தால் நமக்குக் கிடைக்கிற கோல் வாய்ப்பு) அடித்த ஃபிளிக்கர், எதிர் டீம் ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் சீசனுக்கு முன்னால் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும். அடுத்த அரை மணி நேரத்தில் குரூப்பே கொதிக்கும். "ஏனுங்க, இவருக்கு நாம என்ன குறை வெச்சோம்?" என்பார் ஒருவர். "தூக்கி வெச்ச ஊரை மறந்துட்டாருங்கண்ணா" என்பார் இன்னொருவர். கோவை, ஈரோடு, சேலம் எந்த ஊர் ஹாக்கிக் கூட்டமானாலும் பேச்சு இதேதான். அந்தக் கோபம் பொய்யில்லை. செம்மண் மைதானத்து ஓரத்தில் வெயிலில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது வரும்.

திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டர் பக்கத்து வீதி கம்பெனிக்குப் போய்விட்டால் விவரமான முதலாளி முதலில் எதைப் பார்ப்பார்? எந்தெந்த அளவு அவருக்கு மனப்பாடம், எந்த பார்ட்டியின் ஆர்டர் அவருக்குத் தெரியும் என்று பார்த்து, அதையெல்லாம் மாற்றுவார். ஹாக்கி டீமும் அதைத்தான் செய்ய வேண்டும். அதற்கு முன்னால், போனது யார் முடிவு என்பதையும் கொஞ்சம் யோசித்துவிடுவோம்.

ஹாக்கி இந்தியா லீக்கில் ஆட்டக்காரர் டீமைத் தேர்ந்தெடுப்பதில்லை. 2024 அக்டோபரில் நடந்த ஏலத்தில் ஆண்கள் பிரிவில் 8 அணிகள், அணிக்கு 4 கோடி ரூபாய், 24 பேர் கொண்ட குழு. அடிப்படை விலை 10 லட்சம், 5 லட்சம், 2 லட்சம் என்று மூன்று படி. இந்திய அணியில் பெனால்டி கார்னருக்கு முதல் ஆளாக ஓடித் தடுக்கிற அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்குத் தமிழ்நாடு டிராகன்ஸ் எடுத்தது. அவர் ஒடிசாக்காரர்; ஒடிசாவின் கலிங்கா லான்சர்ஸும் அதே லீக்கில்தான் ஆடியது. கையைத் தூக்கியவர் யாரோ அவருக்குத்தான் ஆள். இதில் ஆட்டக்காரர்மேல் துரோகப் பட்டம் கட்ட இடமே இல்லை.

தமிழ்நாட்டு சீனியர் ஹாக்கி பெரும்பாலும் அலுவலக அணிகளைச் சுற்றியே ஓடுகிறது. இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். என்று வேலை கொடுக்கிற இடத்தில்தான் நல்ல ஆட்டக்காரர் போய்ச் சேருவார். நம்ம பக்கத்துப் பையன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னைக்குப் போய், அப்புறம் ஒரு டோர்னமெண்டில் நம்மையே எதிர்த்து இறங்கினால், அவர் பொழப்புக்குப் போனார் என்று அர்த்தம். மிச்சமிருப்பது உள்ளூர் கிளப் விட்டு கிளப் போவது ஒன்றுதான். கோபத்துக்கு அங்கேதான் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறது. அங்கேயும் பாதி நேரம் காரணம் கிளப் கமிட்டிதான்; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காசு நிறையப் புழங்கும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியிலும் இதே கதை நடந்திருக்கிறது. டேனியல் ஆல்ஃபிரட்சன் ஒட்டாவா அணிக்கு 17 சீசன் ஆடியவர், 1999 முதல் கேப்டன். 2013 ஜூலை 5 அன்று, 40 வயதில், டெட்ராய்ட் அணியோடு ஒரு வருச ஒப்பந்தம் போட்டார். தொகை 55 லட்சம் டாலர். அதற்கு முந்தைய சீசனுக்கு ஒட்டாவாவில் அவர் ஒப்பந்தச் சம்பளம் 10 லட்சம் டாலர்தான். போதாக்குறைக்கு அந்த சீசனிலிருந்து டெட்ராய்ட்டும் ஒட்டாவாவும் ஒரே பிரிவு. டிசம்பர் 1 அன்று அவர் ஒட்டாவா மைதானத்துக்கு எதிரணியாக வந்தபோது பாதிக் கூட்டம் கைதட்டியது, பாதி கூச்சல் போட்டது. ஒரு வருசம் கழித்து, 2014 டிசம்பர் 4 அன்று, ஒட்டாவாவோடு ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அந்த அணிக்காரராகவே ஓய்வு பெற்றார். 2016 டிசம்பர் 29 அன்று அவருடைய 11-ஆம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று மைதானத்தில் உயர்த்திக் கட்டினார்கள். கூச்சல் போட்டவர்கள் மூன்று வருசத்தில் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

இனி விசயத்துக்கு வருவோம். மூத்த ஃபிளிக்கர் கையோடு கொண்டு போகிற பெரிய சொத்து நம்ம பெனால்டி கார்னர்தான். கோல் போஸ்ட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி எல்லைக்கோட்டில் பந்தை வைத்து ஒருவர் தள்ளுவார். டி-க்கு (கோலைச் சுற்றிய வளைகோடு) வெளியே, கோலுக்கு நேரே 14.63 மீட்டருக்கு அப்பால், பந்தை நிறுத்துகிற ஸ்டாப்பரும் அதைக் கோலுக்கு அடிக்கிற ஃபிளிக்கரும் நிற்பார்கள். கணக்குப் போட்டால் பந்து ஓடுகிற தூரம் கிட்டத்தட்ட 19 மீட்டர். தடுக்க கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர்; மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு நொடிக்கு மேல் கொஞ்சம்தான் அவகாசம். பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அரை அடி முன்னால் கிளம்பலாம். அந்த அரை அடியே ஒரு கோல்.

சாதாரணமாக எல்லா டீமும் செய்கிற தப்பு, சிக்னல் எண்ணை மட்டும் மாற்றுவது. போன வருசம் 'ஒண்ணு' நேர் ஃபிளிக், 'ரெண்டு' வலப்பக்கம் நிற்கிறவருக்குத் தள்ளிவிடுகிற ஸ்லிப், 'மூணு' தள்ளினவருக்கே திருப்பிக் கொடுப்பது என்று இருந்திருக்கும். இந்த வருசம் ரெண்டை மூணாக்குவார்கள். நாலாவது குவார்ட்டரில் மூச்சு வாங்குகிற நேரத்தில் 'ரெண்டு' என்று குரல் வரும். ஸ்டாப்பர் பழைய ரெண்டுக்கு நிற்பார், ஸ்லிப் வாங்க வேண்டியவர் புதிய ரெண்டுக்கு ஓடுவார். பந்து யாருக்கும் இல்லாமல் உருண்டு போகும். எண்ணே வேண்டாம். பழைய மூன்று முறையில் இரண்டை வைத்துக்கொண்டு, ஒன்றைத் தூக்கிப்போட்டு, புதிதாக ஒன்று சேர்த்து, மூன்றுக்கும் முன்பு வாயில் வராத வார்த்தைகளை வைக்கலாம். ஊர்ப்பேரோ பழப்பேரோ எதுவானாலும் சரி. நாளுக்கு 20 கார்னர் வீதம் பத்து நாள் அடித்தால் புதுசு கையில் உட்கார்ந்துவிடும்.

எதிர் டீமுக்குப் போன ஃபிளிக்கர் சிக்னலைக் கேட்கவே மாட்டார் என்பதுதான் இன்னும் பெரிய சிக்கல். நிற்கிற நிலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஸ்லிப் வாங்கப் போகிறவர் பதற்றத்தில் அரை எட்டு முன்னால் நிற்பார். தள்ளுகிறவர் பந்து போகிற ஆளையே ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பத்து வருசம் பக்கத்தில் நின்றவருக்கு இதெல்லாம் திறந்த புஸ்தகம். எந்த முறை ஆடினாலும் நான்கு பேரின் கால் வைக்கிற இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சுண்ணாம்பால் தரையில் புள்ளி வைத்துப் பழகுங்கள். பின்னாலிருந்து போனில் படமெடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு, எது வருகிறதென்று வெளியாள் ஒருவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

அடுத்தது தடுப்பு. முதலில் ஓடுகிறவர் எந்தப் பக்கத்தை அடைத்து ஓடுவார், கோல்கீப்பர் எந்தப் பக்கத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. பயிற்சியில் ஆயிரம் முறை அந்தக் கோல்கீப்பருக்குத்தான் அடித்திருப்பார். இடது தோளுக்கு மேலே போகிற பந்துக்குக் கை தாமதமாக எழுகிறதா என்று அவருக்குத் தெரியும். ஒருவர் ஓடி மூவர் நிற்கிற பழக்கமிருந்தால், முதல் கார்னருக்கு இருவர் ஓடி இருவர் நிற்கட்டும். ஆனால் ஓடுகிறவரும் கோல்கீப்பரும் பேசி வைக்காமல் மாற்றினால் இருவரும் ஒரே பக்கத்தை அடைப்பார்கள், மறுபக்கம் வாசல் திறந்து கிடக்கும். மாற்றத்தை முடிவு செய்ய வேண்டியவர் கோல்கீப்பர். முகமூடி, முழங்கால் காப்பு, கையுறை, அப்டமன் கார்டு நாலும் இல்லாமல் யாரும் முதல் ஆளாக ஓடக்கூடாது. வேகம் குறையாத பழைய கை அது. முதல் ஷாட்டின்போது 5 மீட்டருக்குள் இருக்கும் தடுப்பாளருக்கு முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடி கார்னர் என்பதையும், இயல்பாக நிற்கும்போது முழங்காலுக்கு மேலே பட்டால் நமக்கு ஃப்ரீ ஹிட் என்பதையும் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்டக்காரர் இன்னொன்றையும் கொண்டு போவார்: காத்து. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில், மேற்கே பார்த்துத் தூக்கிப் போடுகிற பந்து நின்று விழும்; கிழக்கே போடுவது ஆளைத் தாண்டி எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும். டாஸில் எந்தப் பக்கம் கேட்பது, எந்தக் குவார்ட்டரில் தூக்கிப் போடுவதை நிறுத்துவது என்று எதிர் கேப்டன் காதில் அவர் சொல்லிவிடுவார். இதை மறைக்க வழியில்லை, நாமும் அதே கணக்கோடு போக வேண்டியதுதான். செம்மண் மைதானமானால் இன்னும் ஒரு கவனம்: தள்ளுகிற பாதையில் முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டாவிட்டால் பந்து துள்ளி ஸ்டாப்பர் மட்டையைத் தாண்டும். அந்த மண்ணில் டிராக் ஃபிளிக்கை (பந்தை மட்டையோடு இழுத்து வீசுவது) நம்பாமல், அவர் நேராக ஹிட் அடிப்பார் என்று எதிர்பாருங்கள். முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால் கோல் கோட்டைத் தாண்டும்போது பலகை உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதனால் கோல்கீப்பர் முழுநீளத்துக்குக் கிடந்து தடுத்தாலே பெரும்பகுதி அடைபட்டுவிடும்.

நமக்கும் அவரைத் தெரியும் என்பதைக் கொதிப்பில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிராக் ஃபிளிக்கின் பாரம் இடுப்பிலும் கீழ்முதுகிலும் இறங்கும். முப்பத்தைந்து தாண்டியவர் பயிற்சியில் எண்ணிக்கையைக் குறைத்திருப்பார்; கடைசிக் குவார்ட்டரில் இடது கால் முன்பு விழுந்த தூரத்துக்கு விழாது. கால் எட்டு குறைந்தால் பந்து சீக்கிரம் மட்டையை விடும், உயரமும் வராது. அவருடைய பழைய வீடியோ நம்ம போன்களில்தான் கிடக்கிறது. எடுத்துப் போட்டு, கால் விழும் இடத்தையும் பந்து போன மூலையையும் எழுதி வைத்தால் அரை நாள் வேலை.

கமிட்டிக்கு ஒரு வார்த்தை. சீசன் முடிந்த பதினைந்து நாளில் மூத்தவரை உட்கார வைத்துப் பேச வேண்டும். அடுத்த வருசம் எத்தனை ஆட்டம், பஸ் செலவு யார் கொடுப்பது, அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, ஆடாத நாளில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு உண்டா, எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். டீம் லிஸ்ட் கொடுக்கிற நாள் காலையில் கூப்பிட்டு "வாரீங்களாங்கண்ணா?" என்று கேட்டால், எதிர் டீம் இரண்டு மாசம் முன்னாலேயே கேட்டிருக்கும்.

அவர் இறங்குகிற நாளில், டீம் பேர் படிக்கும்போது எழுந்து நின்று கைதட்டுங்கள். பத்து வருசத்துக்கு அது கடன். வீட்டை, குடும்பத்தை இழுத்து யாரும் கூச்சல் போடாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். விசில் ஊதினதும் நம்ம பையன்களுக்குக் குரல் கொடுங்கள். எதிர் டீமுக்கு முதல் கார்னர் கிடைத்ததும் பந்தைப் பார்க்காமல் அவர் இடது காலைப் பாருங்கள்.