கோர்க்காவில் தயிர், கீர்த்திபூரில் வாள்

நேபாளத்தின் கோர்க்கா அரண்மனைக்குள் தோல் பொருள் எதுவும் கூடாது. பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு கையால் பேண்டைப் பிடித்தபடி காளிகா சன்னிதி முன் நின்றேன். கும்பிட மற்றொரு கைதான் மிச்சம். உள்ளே பூசாரிகளுக்கு மட்டுமே அனுமதி. வெளியிலிருந்தே வேண்டிக்கொண்டு கோரக்நாதர் குகைக்கு இறங்கினேன். நம் பதினெண் சித்தர்களில் வரும் கோரக்கர் இவரே என்பார்கள்.

1723-ல் பிறந்து, பின்னாளில் கோர்க்காவின் அரசராகி நேபாளத்தை ஒன்றாக்கிய பிருத்வி நாராயண ஷா சிறுவனாக இருந்தபோது, கோரக்நாதர் அவனிடம் தயிர் வாங்கிக் குடித்து, அதை அவன் கையிலேயே உமிழ்ந்து, "குடி" என்றாராம். பையனுக்கு அருவருப்பு, கையை விரித்துவிட்டான். தயிர் காலில் சிந்தியது. "உன் கால் படும் மண்ணெல்லாம் உனக்கு" என்றாராம் சித்தர். கேட்க இனிமையான கதைதான்.

அந்தக் கால் பட்ட ஊர் ஒன்றைப் பார்க்க நினைத்தேன். முக்திநாத், பசுபதிநாத் என்று போகும் நம்மவர்களின் யாத்திரைப் பட்டியலில் கீர்த்திபூர் பெரும்பாலும் இருக்காது. காத்மாண்டுவுக்குப் பக்கத்திலேயே, மேட்டின் மேல் இருக்கும் நேவார் இன மக்களின் ஊர். கோர்க்காப் படை 1757-ல் வந்து தளபதி காலு பாண்டேயைப் பலிகொடுத்துத் திரும்பியது. 1764-ல் அரசரின் தம்பி சூரப்பிரதாபுக்கு ஒரு கண் போனது. மூன்றாம் முறைதான் ஊர் வீழ்ந்தது. அப்புறம் ஊராரின் மூக்கையும் உதட்டையும் அறுத்தார்கள். கைக்குழந்தைகளையும் ஊதுகுழல் வாசிப்பவர்களையும் மட்டும் விட்டார்கள் என்று அக்காலத்துக் கப்புச்சின் சபைப் பாதிரியார் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1768-ல் காத்மாண்டுவும் விழுந்தது.

ஊர் நடுவே மூன்றடுக்குக் கூரையோடு பாக் பைரவர் கோயில். பாக் என்றால் புலி. ஆடு மேய்த்த பிள்ளைகள் களிமண்ணில் புலி செய்து, நாக்குக்கு இலை தேடிப் போனார்கள். அதற்குள் பைரவர் அந்தப் புலிக்குள் புகுந்து ஆடுகளைத் தின்றுவிட்டாராம். அதனால் சுவாமிக்கு இன்றும் நாக்கு இல்லை. தரிசனம் முடித்து அண்ணாந்தேன். மேல்சுவரில் வரிசையாக வாட்கள், கேடயங்கள். துருவேறிப் போனவை, சில வளைந்தவை. கற்பூர வாசனைக்கு நடுவே அவற்றைப் பார்க்க என்னவோ போலிருந்தது.

திண்ணையில் இருந்த பெரியவரிடம் வாட்களைக் காட்டி, "என்ன இது?" என்று கையாலேயே கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

கீழே இறங்கும் வழியில் ஒரு கடையில் மண்சட்டித் தயிர் விற்றார்கள். வாங்கி, ஒரு சொட்டும் கீழே விழாமல் சாப்பிட்டேன்.