பரங்கிமலைச் சங்கிலி: லாம்டனின் அளவைப் பயணத்துக்கு ஊர் ஊராக விழா எடுப்பது எப்படி

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் நூறு அடி எஃகுச் சங்கிலியை விரித்து, தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி அளக்கத் தொடங்கினார். ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து, மற்றத் தூரங்களைக் கோணங்களை வைத்துக் கணக்கிடும் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் தொடங்கியது. 2027 ஏப்ரல் 10-ல் அதற்கு 225 ஆண்டு. சென்னையிலும் தஞ்சாவூரிலும் ஒத்திகைகளை முடித்துவிட்டோம். வேறு ஊர்களில் செய்ய நினைப்பவர்கள் நாங்கள் விழுந்த குழியிலேயே விழ வேண்டாம் என்பதற்காக இதை எழுதி வைக்கிறோம்.

முதல் குழி, எல்லா ஊருக்கும் ஒரே நாள், ஒரே பேனர் என்று திட்டம் போட்டது. கேட்க நன்றாக இருந்தது, நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. ஏப்ரல் 10 சென்னைக்குரிய நாள். தஞ்சாவூருக்கு உரியது 1808-ல் பெரிய கோயிலில், கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அடிபட்ட சம்பவம். பெங்களூருக்கு 1804-ல் அகரா பக்கம் அளந்த பேஸ்லைன், அதாவது முக்கோணங்களுக்கு அடிக்கோடாகச் சங்கிலியால் அளந்த கோடு, இருக்கிறது. சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுக்கொண்டு போன நீளமும், அங்கே சங்கிலி போட்டு நேரடியாக அளந்த நீளமும் நாலு அங்குலத்துக்குள் ஒத்துப்போயின. மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில் இருப்பது 1823-ல் இறந்த லாம்டனின் கல்லறை. தஞ்சாவூர்க்காரரிடம் பரங்கிமலைச் சுவரொட்டியைக் கொடுத்தால், "இதுக்கும் எங்க ஊருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றுதான் கேட்பார், கேட்டார்கள். பொதுவாக வைத்துக்கொள்ளக்கூடியவை இரண்டுதான்: நிலப்படம், சங்கிலி. மற்றதை அந்தந்த ஊர் தன் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

சென்னையில் முதலில் யோசித்தது நடைதான். லாம்டன் அளந்த கோட்டின் நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர் சொச்சம். லாம்டன் காலத்தில் வெட்டவெளி, இன்று அந்த நேர்கோடு வீடுகளின் மேலேயே ஓடுகிறது. நடக்கக்கூடிய வழி ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம். மெட்ரோவின் ஐந்தாம் வழித்தடமும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் வருகிறது என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அந்த வேலைக்கு வைத்த தடுப்புகளால் நடைபாதை பல இடங்களில் இல்லை. அறுபது பேரை ஒரே வரிசையில் கூட்டிப் போனோம். கோவிலம்பாக்கம் தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு பேர் ஆட்டோ பிடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏப்ரல் வெயில் ஒன்பது மணிக்கே தலையைப் பிளந்துவிடும்.

அதனால் திட்டத்தை மாற்றினோம். அதிகாலை ஐந்தரைக்கு மலையடிவாரத்தில் கூடுவது, மேலே ஏறி லாம்டன் சிலையருகே நின்று கோட்டின் திசையைக் காட்டுவது, முதல் இரண்டு கிலோமீட்டர் நடப்பது, நடுவழியை வேனில் கடப்பது, கடைசி இரண்டு கிலோமீட்டர் மறுபடி நடப்பது. ஒரு குழுவுக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம், இரண்டு குழுவுக்கு இடையில் இருபது நிமிடம் விடுங்கள். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முடியும் இடத்தில் நீர்மோர். பரங்கிமலையில் மெட்ரோ, மின்சார ரயில் இரண்டும் இருப்பதால் கார் நிறுத்தும் தலைவலி இல்லை. முடிகிற இடத்தில்தான் திரும்பி வர வண்டி ஏற்பாடு வேண்டும். இதை மறந்தால் வெயிலில் அறுபது பேர் பேருந்து நிறுத்தத்தில் நின்று உங்களைத்தான் திட்டுவார்கள்.

அனுமதி விஷயம். பரங்கிமலை சென்னை காவல் ஆணையரகம், பெரும்பாக்கம் தாம்பரம் ஆணையரகம். மாவட்டமும் மாறுகிறது, அது சென்னை, இது செங்கல்பட்டு. ஒரு பக்கம் வாங்கிய கடிதம் மறுபக்கம் செல்லாது. இரண்டுக்கும் தனித்தனி மனு, பாதையின் வரைபடம், எந்தக் காவல் நிலைய எல்லையை எத்தனை மணிக்குத் தொடுவோம் என்ற அட்டவணை, பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண். மனுவில் 'பேரணி', 'ஊர்வலம்' என்ற சொற்களைத் தவிருங்கள், அவை வேறு விதமான கேள்விகளைக் கிளப்பும். 'மரபு நடை, 50 பேர், கோஷம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது' என்று எழுதியபின் பேச்சு சுலபமாகிவிட்டது. பத்து நாள் முன்னால் கொடுத்தோம், ஓரிடத்தில் முதல் நாள் மாலைதான் பதில் வந்தது. மூன்று வாரம் முன்னால் கொடுப்பது உத்தமம். ட்ரோன் எண்ணமே வேண்டாம், மீனம்பாக்கம் விமான நிலையம் காலடியில் இருக்கிறது. மலைமேல் தேவாலய நிர்வாகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். தவக்காலத்தில் அங்கே கூட்டம் அதிகம். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28-லேயே வந்துவிடுவதால் அந்தச் சிக்கல் இல்லை.

இனி சங்கிலி. மாலை போட்டுப் பேசிவிட்டுக் கலைகிற விழாவை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பத்து வயதுப் பிள்ளை சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அது வீட்டுக்குப் போயும் அதைப் பற்றியே பேசும். எங்கள் உழைப்பில் பாதி இதற்குத்தான் போனது.

லாம்டன் பயன்படுத்திய சங்கிலி 100 அடி, 40 கண்ணிகள், ஒவ்வொன்றும் இரண்டரை அடி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய் அங்கே வேண்டாமென்று திரும்பி வந்த பொருள் அது. எங்கள் நகலுக்கு 8 மி.மீ. இரும்புக் கம்பி எடுத்தோம். கம்பி மட்டும் 12 கிலோ, மூட்டுகளோடு 14 கிலோ வந்தது. ஒரு கண்ணி 762 மி.மீ. இந்த அளவு மூட்டுத்துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை. லேத் பட்டறையில் இதை வாயால் சொல்லிவிட்டு வந்தோம், அவர்கள் நுனிக்கு நுனி 762 வைத்து வெட்டிவிட்டார்கள். கண்ணிக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் நாற்பது கண்ணியில் 80 சென்டிமீட்டர் போயிற்று. தவறு பட்டறையுடையதல்ல, படம் போட்டுக் கொடுக்காதது எங்கள் தவறு. அடுத்தது மூட்டின் தளர்வு. ஆணிக்கும் துளைக்கும் இடையே அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலும் நாற்பது மூட்டில் 20 மி.மீ. ஆகிவிடும். அதற்கு மருந்து, எப்போதும் ஒரே விசையில் இழுப்பது. ஒரு முனையை முளையில் மாட்டி, மறுமுனையில் ஸ்பிரிங் தராசு கோத்து, முள் 12 கிலோவைத் தொடும்வரை இழுத்து, அதன் பிறகே குறி போடுங்கள்.

சங்கிலியைத் தரையில் போட்டு அளக்கக் கூடாது. லாம்டன் அதை மரப்பெட்டிகளுக்குள் நீட்டி, பெட்டிகளை முக்காலிகளில் மட்டமாக நிறுத்தி, மேலே கூடாரத் துணியால் நிழல் கொடுத்து அளந்தார். பெட்டிக்குள் வெப்பமானியும் இருந்தது. நாங்கள் பத்தடிப் பிளைவுட் தொட்டிகள் பத்து செய்தோம். இருபதடி என்றால் இரண்டு பேர் தூக்கும்போது நடுவில் வளையும், மினிவேனிலும் ஏறாது. மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப் போதும். ஒரு முனை 30 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் நூறடியில் வரும் பிழை ஒன்றரை மி.மீ.தான். ஆகவே மட்டத்துக்காக உயிரை விட வேண்டாம்.

உயிரை விட வேண்டியது நிழலுக்கு. இரும்பு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் நூறடிச் சங்கிலி 0.37 மி.மீ. நீளும். காலை ஆறு மணிக்கு 27 டிகிரியில் இருந்த கம்பி, வெயிலில் கிடந்தால் ஒன்பதரைக்கு 45-ஐத் தொடும். வித்தியாசம் 6.6 மி.மீ. ஒரு சங்கிலிக்கு இது ஒன்றுமில்லாததுபோலத் தெரியும். ஆனால் லாம்டன் போட்டது நானூறு சங்கிலி. நானூறால் பெருக்கினால் இரண்டரை மீட்டருக்கு மேல். இந்தக் கணக்கைப் பலகையில் பிள்ளைகளையே போட வையுங்கள். கூடாரமும் வெப்பமானியும் எதற்கு என்று அதன்பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் சங்கிலிக்கு எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பழகிய பின் கால் மணி. மூன்று சங்கிலி போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவை ஒரு நில அளவையாளரின் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியால் சரிபார்ப்பது நல்ல முத்தாய்ப்பு. மூன்று சங்கிலி 91.44 மீட்டர் வர வேண்டும். எங்களுக்கு மூன்று சென்டிமீட்டர் பிசகியது. தராசு முள்ளைப் பார்க்காமல் ஒருவர் ஆர்வக்கோளாறில் இழுத்த சங்கிலி எது என்று அப்போது தெரிந்துவிட்டது.

சங்கிலி முடிந்ததும் அதையே அடிக்கோடாக வைத்து ஒரு முக்கோணம். 30.48 மீட்டர் அடிக்கோடு, இரு முனையிலும் பலகையில் ஒட்டிய பெரிய பாகைமானி, சுழலும் குழாய். தூரத்துக் கொடிக்கம்பத்தை இரு முனையிலிருந்தும் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். முதல் முனையில் 80, மறுமுனையில் 75 டிகிரி வந்தால், முதல் முனையிலிருந்து கம்பம் 69.7 மீட்டர் தூரம். 75-ஐ 76 என்று படித்துவிட்டால் அதே தூரம் 72.7 மீட்டர் ஆகிவிடும். ஒரே டிகிரியில் மூன்று மீட்டர் போய்விட்டது! மூன்று அடி விட்டமுள்ள வட்டத்தட்டோடு அரை டன் எடைக் கருவியை லாம்டன் ஏன் லண்டனிலிருந்து வரவழைத்தார் என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், என்னவென்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிய கதையை இந்த இடத்தில் சொன்னால் எடுபடும். கம்பத்தை மிகத் தொலைவில் வைக்காதீர்கள். கம்பத்தில் அமையும் உச்சிக் கோணம் 20 டிகிரிக்குக் கீழே போனால் விடை கன்னாபின்னாவென்று வரும், பிள்ளைகள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள்.

தஞ்சாவூருக்கு இந்தச் சங்கிலி தேவைப்படவில்லை. அங்கே சொல்ல வேண்டியது ஒரு கயிற்றின் கதை. சமவெளியில் தூரத்தைப் பார்க்க உயரம் வேண்டும் என்று தியோடலைட்டைக் கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றினார்கள். சுவரில் மோதாமல் பிடித்திருந்த பக்கக் கயிறு அறுந்து கருவி சுவரில் அடித்துக்கொண்டது, வட்டத்தட்டு நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதை நிமிர்த்தினார். பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள உலக மரபுச் சின்னம், உள்ளே எதையும் கட்டவோ தூக்கவோ நினைக்காதீர்கள். வளாகத்தில் வழிகாட்டியோடு சுற்றி வருவதோடு நிறுத்திவிட்டுச் செய்முறையைப் பள்ளி மைதானத்துக்கு மாற்றினோம். சாரமரம், கப்பி, 20 கிலோ மணல் பெட்டி, இரு பக்கக் கயிறு. பெட்டி மூன்று மீட்டர் ஏறியதும் ஒரு பக்கக் கயிற்றைத் தளர்த்தினால் அது ஊஞ்சல்போல வீசிப்போய் நிறுத்தி வைத்த அட்டைச் சுவரில் மோதும். பார்ப்பவர்கள் ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், கயிறு கட்டி எல்லை போடுங்கள். பெட்டிக்குள் ஒரு தகர வட்டத்தை வைத்திருந்தோம். நெளிந்த வட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து நிமிர்த்தச் சொன்னதில்தான் கூட்டம் கலையாமல் நின்றது.

விளக்கப் பலகை எழுதும்போது இரண்டு விஷயத்தில் சண்டை வரும், வரட்டும். ஒன்று, எவரெஸ்ட். செய்திக்குறிப்பில் அந்தப் பெயர் இருந்தால் "பரங்கிமலையில் எவரெஸ்டை அளந்தார்கள்" என்று மறுநாள் அச்சாகிவிடும். இதே அளவையின் தொடர்ச்சியாகச் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தது 1856-ல், லாம்டன் இறந்து 33 ஆண்டு கழித்து. அந்தக் கணக்கில் வங்காளக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தாரின் உழைப்பு உண்டு. நாங்கள் குறிப்பிலிருந்து எவரெஸ்டையே எடுத்துவிட்டோம், கேட்டால் மட்டும் சொல்கிறோம். இரண்டாவது, யாருக்கு விழா என்பது. 1799-ல் திப்பு வீழ்ந்த கையோடு வந்த வேலை இது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கைக்கு வந்த நிலத்தை அளந்துகொண்டது. அதைப் பலகையில் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள், யாராவது எழுந்து கேட்ட பிறகு சமாளிக்க வேண்டாம். அரை டன் கருவியைத் தோளில் சுமந்தவர்கள், கொடி பிடித்து நின்றவர்கள், முக்காலி நட்டவர்கள் எல்லோரும் இந்த மண்ணின் ஆட்கள். எங்கள் பலகையில் லாம்டன் படத்துக்குக் கொடுத்த அதே அளவு இடத்தில் சுமைக்காரர்கள் வேலையை வரைந்து வைத்திருக்கிறோம்.

சங்கிலி இப்போது மேடவாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. கடற்காற்றில் ஒரே வாரத்தில் துரு ஏறியது. மண்ணெண்ணெயில் துடைத்து, கிரீஸ் தடவி, நாலு கண்ணிக்கு ஒரு மடிப்பாக மடித்து, சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம். இரவல் வாங்குகிறவர்கள் தொட்டிகளையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும், மினிவேன் இல்லாமல் வர வேண்டாம்.