ஹெல்லா ஸ்டிஃப்

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி வேலை எனக்கு. வெளிநாட்டு பையர்கள் எழுதுவதைப் படித்து சாம்பிள் செக்‌ஷனுக்குச் சொல்வது என் பொறுப்பு. கலிஃபோர்னியா பையர் ஒருவர், ஷூவின் மேல்பாகத்துக்கான அப்பர் தோல் 'ஹெல்லா ஸ்டிஃப்' என்று எழுதியிருந்தார். புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணா, திட்டறாரா?" என்று கேட்டான். 'ஹெல்' என்றால் நரகம் என்று படித்தவன்.

திட்டு இல்லை. 'ரொம்ப விறைப்பு' என்றுதான் அர்த்தம். சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லாந்து பக்கத்துப் பேச்சு அது. 1970-களிலிருந்து அங்கே புழங்குகிறது. 'ஹெல் ஆஃப் எ' தேய்ந்து இப்படி ஆனதாகப் பெரும்பாலும் சொல்கிறார்கள். நம் பக்கம் 'பயங்கர டேஸ்ட்டு' என்றால் யார் பயப்படுகிறார்கள்? 'வெரி' போகாத இடத்துக்கும் ஹெல்லா போகும். 'ஹெல்லா பீப்பிள்' என்றால் ஏகப்பட்ட ஜனம். வினைச்சொல்லுக்கு முன்னாலும் வரும். நரகத்தை வாயில் எடுக்கத் தயங்குகிறவர்களுக்கு 'ஹெக்கா' இருக்கிறது. பாஸ்டன் பக்கம் இதே வேலையை 'விக்கிட்' (wicked) என்ற சொல் செய்கிறது.

இந்தப் பையர் ஆரம்பத்தில் 'கைண்ட்லி நோட்' என்று விறைப்பாக எழுதியவர். இப்போது தன் ஊர்ப் பேச்சு தானாக வருகிறது. அவர் நம்மை நெருங்கியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வெறும் புகாராக இதைச் சாம்பிள் செக்‌ஷனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும்.

சரி, தோலை என்ன செய்வது? ஹெல்லாவுக்கு மில்லிமீட்டர் கிடையாது. தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவையான ஃபேட்லிக்கரை அடுத்த லாட்டில்தான் கூட்ட முடியும். கையில் இருக்கும் தோலை, உருட்டி இளக்கும் மில்லிங் டிரம்மில் போடலாம். எவ்வளவு நேரம் என்று மேஸ்திரி கேட்பார்.

அந்தச் சொல்லையே அளவாக்கவும் ஆசைப்பட்டார்கள். 1-க்குப் பின்னால் 27 சுழி வரும் எண்ணுக்கு, கிலோ, மெகா மாதிரி அளவுகளின் முன்னால் ஒட்ட, ஹெல்லா என்று பெயர் வைக்க, 2010-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆதரவு திரட்டினார். கூகுள் கால்குலேட்டர் அதைச் சேர்த்தும்கொண்டது. ஆனால் 2022-ல் அந்த இடம் 'ரொன்னா'வுக்குப் போனது. பூமியின் நிறை சுமார் 6 ரொன்னாகிராம். எனக்கு அந்த மாணவர் பக்கம்தான் மனசு.

தம்பியிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: படித்து ரசி, பதிலில் எழுதாதே. அது அவர்கள் ஊர்ச் சொல். நம் மெயிலில் வந்தால் இரவல் சட்டை மாதிரி நிற்கும். பதிலை எளிய ஆங்கிலத்தில் எழுதினோம்: உங்களுக்குப் பிடித்த மென்மையில் ஒரு துண்டுத் தோல் அனுப்புங்கள், மென்மை அளக்கும் கேஜில் வைத்து அளந்து அந்த அளவுக்கே கொண்டுவருகிறோம்.