கிட்னி பயாப்ஸி கேள்வி வந்தால், யாருக்கு எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள்

தர்மபுரியில் எம்.டி. பொது மருத்துவம் படித்தபோது நெஃப்ராலஜியில் (சிறுநீரக மருத்துவத்தில்) நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்தத் தலைப்போடுதான்: பயாப்ஸியில், அதாவது கிட்னியில் ஊசி போட்டுத் துளி திசு எடுத்துப் பார்ப்பதில், தெரியவரும் சிறுநீரக நோய்கள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன? ஐஜிஏ நெஃப்ரோபதி (கிட்னி வடிகட்டிகளில் ஐஜிஏ ஆன்டிபாடி படியும் நோய்) கூடியது, எஃப்எஸ்ஜிஎஸ் (வடிகட்டிகளில் அங்கங்கே தழும்பு விழும் நோய்) கூடியது, தொற்றுக்குப் பின் வரும் நெஃப்ரைட்டிஸ் (கிட்னி அழற்சி) வளர்ந்த நாடுகளில் குறைந்தது என்று மாணவர்கள் பட்டியலை உருப்போட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள். தியரிக்கு அது போதும். வாய்மொழித் தேர்வான வைவாவில் "ஏன்?" என்று கேட்டால்தான் திணறல்.

நோயே கூடியதா, பயாப்ஸி எடுக்கும் வழக்கம் மாறியதா என்று பிரித்துச் சொல்லுங்கள். ஜப்பானில் 1970களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. அறிகுறியே இல்லாதவர்களும் பயாப்ஸிக்கு வருவதால் ஐஜிஏ நிறையப் பிடிபடுகிறது. 1968இல் பிரெஞ்சு மருத்துவர் பெர்ஜே விவரித்த அந்த நோயை உறுதி செய்ய இம்யூனோஃப்ளோரசன்ஸ் (திசுவில் படிந்த ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை) வேண்டும். அது இல்லாத ஊரில் ஐஜிஏ கணக்கிலேயே ஏறாது. குழந்தைகளின் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமுக்கு (சிறுநீரில் புரதம் நிறையப் போய் உடம்பு வீங்குவது) பயாப்ஸி எடுக்காமல் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதால், அதற்குப் பெரும்பாலும் காரணமான மினிமல் சேஞ்ச் நோயும் கணக்கில் குறைவாகத்தான் தெரியும். மெம்பரனஸ் நெஃப்ரோபதி (வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் கசியும் நோய்) உள்ள பலரின் ரத்தத்தில் பிஎல்ஏ2ஆர் ஆன்டிபாடி இருப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். மெம்பரனஸ் என்று ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டால் சிலருக்குப் பயாப்ஸி ஊசியே தேவையில்லை என்கிறது சர்வதேச சிறுநீரக அமைப்பான கேடிகோவின் 2021 வழிகாட்டி.

நம்மூர் உதாரணம் ஒன்று கைவசம் இருக்கட்டும். தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் வெயிலில் வேலை செய்யும் விவசாயக் கூலிக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருக்கிறது, சிறுநீரில் புரதம் பெரிதாக இல்லை, ஸ்கேனில் கிட்னி சுருங்கிவிட்டது என்று வையுங்கள். அவருக்கு யாரும் பயாப்ஸி எடுக்கப் போவதில்லை. பயாப்ஸிப் புள்ளிவிவரம் எதிலும் அவர் வரமாட்டார். தர்மபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால், ஊர்ப் பெயரைக் கேட்டதும் அதைப் பற்றியும் கேட்பார்கள். அது முதலில் கெடுப்பது பல்லையும் எலும்பையும். கிட்னி பழுதானவருக்கு அது வெளியேறாமல் தங்கும். அதற்கு மேல் அளக்க வேண்டாம்.

நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புள்ள மெம்பரனஸ் வகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளோடு அதற்குள்ள தொடர்பை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கேரளாவில் பாதரசம் உள்ள சிவப்பழகு கிரீம் பூசியவர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். தேர்வில் நோயாளியிடம் விரிவாக விசாரிக்கும் லாங் கேஸில் "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டால் "இல்லீங்க சார்" என்பார்கள். லேகியம், செந்தூரம், பஸ்பம், முகத்துக்குப் போடும் கிரீம் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேளுங்கள். "அதுவா, மூட்டுவலிக்குக் கொஞ்ச நாளா எடுக்கறேனுங்க" என்று அப்புறம் வரும். அதை நிறுத்தியதும் பலருக்குப் புரதம் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.