கோஹ்ரா பார்த்த நாட்கள்

16 ஜூலை 2023, ஞாயிறு

நேற்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'கோஹ்ரா' தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்த்தேன். பஞ்சாப், குளிர்காலம், பனி மூடிய வயல்வெளி. ஊர் கண்ணில் படாமல் ஒதுங்கிய ஒரு காதல் ஜோடி. அந்தப் பையன் பிணத்தைப் பார்த்துவிடுகிறான். இறந்தவன் பெயர் பால் (Paul), கல்யாணத்துக்காக இங்கிலாந்திலிருந்து வந்த மாப்பிள்ளை. கூட வந்த நண்பன் லியாமையும் காணவில்லை.

கதைக்குள் நுழைய இயக்குநர் ரந்தீப் ஜா அவசரப்படவே இல்லை. யாரையும் உட்கார வைத்து முன்கதை சொல்ல விடுவதில்லை. விசாரணைக்குப் போகிற வீடுகளில் யார் பேசுகிறார்கள், யார் வாயைத் திறப்பதில்லை என்பதிலேயே குடும்பங்கள் புரிந்துவிடுகின்றன.

17 ஜூலை, திங்கள்

இன்று முழுக்க நடிகர் சுவிந்தர் விக்கி நினைப்புதான். கொலையை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி பல்பீர் சிங்காக வருகிறார். தொங்கிய தோள், தூக்கம் கெட்ட கண். கணவனைப் பிரிந்து வந்த மகள் நிம்ரத்தைத் திரும்பிப் போகச் சொல்கிற அப்பா. ஸ்டேஷனில் சந்தேகப்பட்டவனை அடிக்கத் தயங்காத அந்த ஆள், வீட்டில் மகள் முன்னால் என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்கிறார். அழுது காட்டுவதில்லை, வசனத்தை உயர்த்துவதும் இல்லை. வாயை இறுக்கிக்கொள்வதிலேயே கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ஹர்லீன் சேத்தியும் சளைக்கவில்லை. அப்பாவை நேராகப் பார்த்துப் பேசுகிற மகளாக, பல இடங்களில் காட்சியை அவர்தான் நகர்த்துகிறார்.

பருண் சோப்தி இந்தி டிவி சீரியல்களில் பெயர் வாங்கிய காதல் நாயகன். இங்கே கருண்டி என்ற முரட்டு இளைய அதிகாரி. சீரியல் நாயகனின் சாயல் துளியும் இல்லை.

19 ஜூலை, புதன்

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பஞ்சாபி ஒலியிலேயே பாருங்கள். அந்தப் பேச்சின் கரடுமுரடு போய்விட்டால் பாதி நடிப்பு போய்விடும்.

22 ஜூலை, சனி

ஆறு அத்தியாயங்களும் முடிந்தன. கொலையாளி யார் என்று இங்கே எழுத மாட்டேன். இறந்தவனின் அப்பா ஸ்டீவ், சித்தப்பா மன்னா இருவருக்குமான பகை நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. சந்தேக வளையத்தில் இரண்டு பேரைக் குறைத்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளைத் தங்கள் சொல்படி வளைக்கப் பார்க்கும் அப்பாக்களை, கொலை விசாரணையின் ஊடாகவே காட்டியிருக்கிறார்கள். ஸ்டீவ் வீட்டுக் கதையைத் துருவத் துருவ, பல்பீர் தன் வீட்டையும் பார்க்க வேண்டியதாகிறது. எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

விக்கி இதற்கு முன் நடித்த 'மீல் பத்தர்' படமும் நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. அதில் அவர் லாரி ஓட்டுநர். இன்று இரவு அதுதான்.